அப்பாவுக்குக் கேட்கிற சத்தம்

தம்பி,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அவசரப்படாமல் வாசி. ஒரே மூச்சில் முடியாவிட்டால் வைத்துவிட்டு நாளைக்கு எடு. வாட்சப்பில் குரலாகச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் அழுகை வந்து அழித்துவிட்டேன். எழுதினால் என் குரல் தடுமாறுவது உனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாயே, "அம்மா, அப்பாவுக்கு என்ரை கலியாணத்துக்கு வர விருப்பமில்லாட்டி கட்டாயப்படுத்தாதேங்கோ" என்று. அதைச் சொல்லும்போது நீ ஆங்கிலத்துக்கு மாறவில்லை. கோபம் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறுகிறவன் நீ. தமிழிலேயே சொன்னபடியால் அது கோபமில்லை, மனம் நொந்துபோனது என்று எனக்கு விளங்கிவிட்டது. அப்பா நித்திரை, அப்பா குளிக்கிறார், அப்பா கடைக்குப் போய்விட்டார் என்று இவ்வளவு காலமும் நான் சொன்ன சாட்டுகளை நீ நம்பவில்லை என்பதும் விளங்கியது. உண்மையில் அந்த நேரங்களில் எல்லாம் அப்பா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். போனின் வெளிச்சத்தைப் பார்த்து நீதான் என்று தெரிந்துகொண்டு, "சுகமாம் எண்டு சொல்லும்" என்று கையைக் காட்டிவிட்டுப் பல்கனிக்குப் போய்விடுவார். ஏன் என்பதைக் கலியாணம் முடிந்த பிறகுதான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது அவரே என்னை எழுதச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ பிறந்து வளர்ந்த அபுதாபி முசஃபாவை உனக்கு நான் சொல்லிக்காட்டத் தேவையில்லை. ஆனால் அப்பாவின் கராஜுக்குள் நீ அதிகம் போனதில்லை. நான்தான் விடவில்லை, அந்தச் சத்தத்துக்குப் பயந்து. எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் கார்களை அங்கே இரும்பு உருளைகளின் மேல் ஏற்றி, சங்கிலியால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். சுவர் அதிரும். மேசையில் வைத்த தேத்தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கும். அந்தக் காரின் தலைமாட்டில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, எங்கே என்ன பிசகு என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்வதுதான் அப்பாவின் வேலை. காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் எனக்கு எஞ்சின் கதைக்கிறது விளங்காது என்று கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்.

அந்தக் காலத்தில் வாரக் கடைசி என்றால் கராஜ் வாசல் திருவிழா மாதிரி இருக்கும். வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட அரபுப் பொடியன்கள் கார்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். லிவா பாலைவனப் பக்கம் மணல்மேட்டில் ஏற்றப் போகிறவர்கள், ஓட்டப் பாதையில் பந்தயம் விடப் போகிறவர்கள், சும்மா கடற்கரைத் தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றப் போகிறவர்கள். எல்லாருக்கும் அப்பா உஸ்தாத், குரு மாதிரி. அவர்களில் ராஷித்தை உனக்கு ஞாபகம் இருக்கும். கறுப்புக் கார் வைத்திருந்தவன். நீ பத்தாம் வகுப்புப் பாஸான நேரம் கேக் கொண்டு வந்தவன். மீசை அரும்புகிற வயதில் வந்து, "உஸ்தாத், என் கார் சிங்கம் மாதிரி உறும வேண்டும்" என்று கேட்டவன் இன்றைக்கு நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தக் கார் உறும ஆரம்பித்த அன்றைக்கு அவனும் அப்பாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நின்று பார்த்தேன். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. அன்றைக்கு எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பிறகு எல்லாம் சத்தமில்லாமல் மாறியது. எந்த நாளில் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த எஞ்சினை இனிச் செய்யப்போவதில்லை என்று ஒரு கம்பனி சொன்னது. பிறகு இன்னொன்று. வருகிற சாமான் பெட்டிகள் குறைந்தன. பக்கத்துக் கராஜை மூடிவிட்டுக் கார்க் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிற கடை போட்டார்கள். எதிர்ப் பக்கம் இருந்தவர் டயர் மாற்றுவதோடு நின்றுவிட்டார். சங்கிலி கட்டுகிற அந்த அறை கிழமைக்கு ஒருநாள்கூடத் திறக்காத நிலை வந்தபோது, அப்பா காலையில் போய் அதைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவார். நான் கேட்டால், "இந்தப் பொடியங்களுக்குக் கலியாணமாகிட்டுது, பிள்ளையள் பிறந்திட்டுது, அதுதான் வரயில்லை" என்பார். கார்கள் மாறிவிட்டன என்று ஒருநாளும் வாயால் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ லீவில் வந்தாய். நஜ்டா வீதிச் சாப்பாட்டுக் கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாயே, அந்தப் பின்னேரம்தான் இவ்வளவுக்கும் காரணம். கடை நிறையச் சனம். தட்டுகள் மோதுகிற சத்தம், டிவியில் பாட்டு, பக்கத்து மேசையில் பிறந்தநாள். நீ இரண்டு விஷயம் சொல்ல வந்திருந்தாய். கனடாவில் எலெக்ட்ரிக் கார் கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது என்பது ஒன்று, நிரோஷியைக் கட்ட விரும்புகிறாய் என்பது மற்றது. முதல் விஷயத்தைத்தான் நீ அதிகம் பயந்து பயந்து சொன்னாய். அப்பாவின் சாப்பாட்டில் மண் போடுகிற வேலைக்கு மகனே போகிறேனே என்று உனக்கு உள்ளுக்குள் இருந்திருக்கிறது. சொல்லி முடித்துவிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, உங்களுக்கு என்னிலை கோவமோ?" என்று கேட்டாய். அப்பா, "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

உன் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். நீ எழும்பிக் கை கழுவப் போனாய். திரும்பி வரவும் நேரம் எடுத்தாய். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிசனுக்கு நெஞ்சிலே ஈரமே இல்லையா என்று நினைத்தேன். நிரோஷியைப் பற்றி நீ சொல்லவேயில்லை, அப்படியே திரும்பிப் போய்விட்டாய். பிறகு போனில்தான் என்னிடம் சொன்னாய். நீ அனுப்புகிற நீளமான செய்திகளுக்கு அப்பா தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்றைத்தான் அனுப்புவார். எழுதுவதில் அவர் எப்போதும் மந்தம்தான். அதையும் நீ கோபக் கணக்கில் சேர்த்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன்.

நீ போன பிறகு கராஜ் முதலாளி ஒரு முடிவெடுத்தார். உருளைகளைக் கழற்றி விற்றுவிட்டு, எலெக்ட்ரிக் கார்களுக்கு டயர், பிரேக், பொலிஷ் என்று கராஜை மாற்றினார். அப்பாவை அனுப்பவில்லை. "உஸ்தாத் என் கண்ணின் மேலே" என்று சொல்லி, பிரேக் வேலைக்கு மாற்றிவிட்டார். அப்பா குறை சொல்லவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, முன்பு இருந்த பெட்ரோல் மணம் அவரில் இல்லை. எத்தனையோ வருஷம் அந்த மணத்துக்காக அவரோடு சண்டை பிடித்தவள் நான். அது இல்லாமல் அவர் உள்ளே வந்தபோது யாரோ வேற்று ஆள் வந்த மாதிரி இருந்தது.

ஒருநாள் மத்தியானம், கராஜ் முற்றத்தில் அப்பா குனிந்து ஒரு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் ஒரு எலெக்ட்ரிக் காரைப் பின்னுக்கு எடுத்திருக்கிறார். மெல்லத்தான் எடுத்திருக்கிறார். "உஸ்தாத், உஸ்தாத்!" என்று கூப்பிட்டும் இருக்கிறார். எப்போதும் நகர்கிறவர்தானே, நகர்ந்துவிடுவார் என்று நினைத்துவிட்டார். அப்பா நகரவில்லை. கார் அவரைச் சாய்த்துச் சுவரோடு அழுத்திவிட்டது.

பயப்படாதே. இது நடந்து மாதக் கணக்காகிவிட்டது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். இப்போது தடி ஊன்றி நடக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் முதலாளி வந்து கட்டிலடியில் நின்று கேட்டார்: "உஸ்தாத், இத்தனை வருஷம் கார்களுக்கு நடுவில் நின்றவர் நீங்கள். ஒருநாள்கூட ஒரு கீறல் இல்லை. அந்த ஆள் கூப்பிட்டாராமே, ஏன் விலகவில்லை?" அப்பா பதில் சொல்லாமல் சிரித்தார். முதலாளி இன்னொரு தரம் கேட்டார். அப்பா திரும்பவும் சிரித்து, "மாஃபி முஷ்கில்", ஒரு பிரச்சினையும் இல்லை, என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று விளங்கியது.

காது பார்க்கிற டாக்டர் ஒரு மலையாளப் பெண். பரிசோதனை முடித்து ஒரு படத்தை எனக்குக் காட்டினார். ஒரு கோடு இடப் பக்கம் நேராகப் போய், பிறகு மலையில் இருந்து விழுகிற மாதிரிச் சரிந்தது. "தடித்த சத்தம் இவருக்கு நன்றாகக் கேட்கும்மா. இடி, ட்ரம், பெரிய எஞ்சின் எல்லாம் கேட்கும். மெல்லிய சத்தம்தான் போய்விட்டது. காலிங்பெல், குருவி, பெண்களின் குரல், குழந்தைகளின் குரல். போனில் பேசுவது சுத்தமாக விளங்காது. பத்து வருஷத்துக்கு மேலே இருக்கும், எப்படிச் சமாளித்தார்?" என்று கேட்டார்.

எப்படிச் சமாளித்தார் என்பதைப் பிறகு நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். கராஜில் எல்லாரும் கத்தித்தான் கதைப்பார்கள், அதனால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பெரிய கார் ஒன்று ஸ்டார்ட் ஆனால் அவருக்குக் காதிலும் காலடியிலும் கேட்கும், விலகிவிடுவார். எலெக்ட்ரிக் கார் பின்னால் வரும்போது ஊதுவது போல ஒரு மெல்லிய சத்தம் வரும் என்று உனக்குத் தெரியும். அது அப்பாவுக்கு எட்டாத சத்தம். வீட்டில் மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார், கேட்டால் "ஓம், ஓம்" என்பார். நான் குசினியில் இருந்து ஏதாவது சொன்னால் பதில் வராது. இந்த ஆளுக்கு என் சொல் ஒரு பொருட்டில்லை என்று நானும் கதைப்பதைக் குறைத்துக்கொண்டேன். நீ கலியாணம் கட்டப்போகிறவன், ஒன்று சொல்கிறேன். நிரோஷி நீ கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால், கோபம் என்று முடிவு கட்டாதே. எழும்பிப் போய் அவள் முன்னால் நின்று இன்னொரு தரம் கேள். நான் அதைச் செய்யாமலே எத்தனையோ வருஷம் அடுத்த அறையில் இருந்து கதைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவர் முன்னால் இருந்து, முகத்தைப் பார்த்து, சத்தமாகக் கேட்டேன்: "அண்டைக்குச் சாப்பாட்டுக் கடையிலை தம்பி உங்களிட்டை என்ன கேட்டவன் எண்டு தெரியுமோ?"

"இன்னும் சோறு வேணுமோ எண்டு கேட்டவன்" என்றார்.

"இல்லை. எலெக்ட்ரிக் கார் கம்பனிக்குப் போறன், என்னிலை கோவமோ எண்டு கேட்டவன்."

இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும் அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். தன் காலைப் பார்த்தார். பிறகு, "நான் ஓம் எண்டு சொன்னனானோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "பிள்ளை அதோடையே பிளேன் ஏறினவன்" என்றார்.

உடனே போன் எடுத்துச் சொல்கிறேன் என்று நான் எழும்பினேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "வேண்டாம். காது கேளாது எண்டு சொன்னா, எப்பிடித் தெரிய வந்தது எண்டு கேப்பான். கார் இடிச்சது எண்டு சொல்ல வேணும். என்ன கார் எண்டு கேப்பான். அவன் சந்தோஷமாச் செய்யிற வேலையப்பா அது. கலியாணம் முடியட்டும்." உன் கம்பனிக் கார்கூட இல்லைத் தம்பி அது. ஆனாலும் அவருக்கு அப்படித்தான் பட்டது. அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்து நீ நொந்துகொள்வதைவிட, உன் குற்றம் என்று நினைத்து நொந்துகொள்வது கொடுமை என்று சொன்னார். நானும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

காதுக் கருவி தந்தார்கள். முதல் கிழமை அதைப் போட்டுவிட்டு, தட்டு வைக்கிற சத்தத்துக்கே துள்ளினார். எல்லாம் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் சில நேரம் வாட்சப்பில் எழுதித்தான் கதைக்கிறோம். நான் நாலு வரி எழுதினால் கட்டைவிரல் வரும். சிரிக்காதே.

ராஷித் வந்தான். ஒரு பின்னேரம் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்து, காலைப் பார்த்து, காதைப் பற்றிக் கேட்டு, அப்பாவின் பக்கத்திலேயே தரையில் இருந்துவிட்டான். கறுப்புக் காரை விற்றுவிட்டதாகச் சொன்னான். சாமான் கிடைப்பதில்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக எலெக்ட்ரிக் கார் எடுத்துவிட்டான், வாங்குகிறவர் அடுத்த நாள் வந்து கறுப்புக் காரைக் கொண்டுபோகிறார். "உஸ்தாத், ஒரு தரம் கீழே வாருங்கள்" என்றான். தோளைக் கொடுத்து இறக்கினான். எங்கள் கட்டிடத்தின் பின் பக்கம், குப்பைத் தொட்டிக்கு அருகில் அந்தக் கார் நின்றது. ராஷித் ஸ்டார்ட் பண்ணினான்.

நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நாளும் எதிரே நிற்கிறவரின் வாயைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போயிருந்த முகம், அந்தச் சத்தம் வந்ததும் அப்படியே தளர்ந்தது. தடியை என் கையில் தந்துவிட்டு, பொனற்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் தவறாமல் எல்லாம் கேட்கிற மனிதனின் முகம் அது. மேல்மாடியில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்து, "பாய், பச்சா சோ ரஹா ஹை!" என்று, குழந்தை நித்திரை கொள்கிறது என்று ஹிந்தியில் கத்தினாள். ராஷித் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டான். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே கார் ஜன்னலுக்குள் கையை விட்டு எஞ்சினை நிறுத்தினார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. ராஷித் முகத்தைத் தலைத்துணியால் துடைத்துக்கொண்டான். அவன் தன் வாலிபத்துக்காக அழுதான் என்று நினைக்கிறேன். அப்பா அழவில்லை. மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

அடுத்த கிழமை கால் காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. டாக்ஸி வேண்டாம் என்று சொல்லி, ராஷித் தன் புது எலெக்ட்ரிக் காரோடு வந்தான். அப்பா ஏறத் தயங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, போய்க் காதுக் கருவியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால். திரும்பி வரும்போது ராஷித் கடற்கரைப் பக்கமாகக் காரை விட்டான். கண்ணாடிகள் மூடியிருந்தன. ஒரு சத்தமும் இல்லை. ராஷித் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவன் மூத்த மகன் காரைப் பற்றிக் கேட்கிற கேள்விகளைப் பற்றி. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "எத்தனை வயது அவனுக்கு?" என்று கேட்டார். ராஷித் சொன்னான். "அப்போ நீ முதன்முதல் வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் சின்னவன்" என்றார்.

தம்பி, நான் பின்னால் இருந்து வாயைப் பொத்திக்கொண்டேன். கேட்ட கேள்விக்கு, கேட்ட சொல்லுக்கு, அப்பா பதில் சொன்னார். "ஓம், ஓம்" சொல்லவில்லை. வீடு வரும்வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டிய பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "இஞ்சை பாரும். அந்தக் காருக்குள்ளை வேறை இரைச்சல் ஒண்டும் இல்லை. ஆம்பிளைக் குரல் ஒண்டு மட்டுமெண்டால் எனக்கு விளங்குது. தம்பிக்கு எழுதும். எல்லாத்தையும் எழுதும். நாங்கள் வாறம் எண்டு எழுதும். எயார்போர்ட்டுக்கு அவனை அப்பிடியொரு எலெக்ட்ரிக் காரைக் கொண்டு வரச் சொல்லும்."

அப்பாவின் வேலை முடிந்து விசாவும் முடிகிறது. இந்த மாதக் கடைசியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு அபுதாபியை விட்டுப் போகிறோம். யாழ்ப்பாணத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, உன் கலியாணத்துக்கு அங்கே வருகிறோம். அப்பா காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு நீ கதைக்கத் தொடங்கு. கத்தாதே, மெதுவாகச் சொல்லு. உன் குரல் அவருடைய குரல் மாதிரியே தடித்தது, கேட்கும். அன்றைக்குக் கடையில் கேட்டதை இன்னொரு தரம் கேள். நிரோஷியைப் பற்றியும் நீயே உன் வாயால் சொல்லு.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் எல்லாத்தையும் எழுதும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராஷித்தின் காரில் வரும்போது, அவர்கள் கொஞ்சம் பேச்சை நிறுத்திய இடத்தில், நான் பின்னால் இருந்து வழமையான குரலில் ஒன்று சொன்னேன். "இஞ்சருங்கோ, கடலைப் பாருங்கோ, என்ன வடிவு." அப்பா திரும்பவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்தி இன்னொரு தரம் சொன்னேன். ராஷித்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அப்பா முன்னால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அமைதியான காருக்குள்ளும் என் குரல் அவரிடம் போய்ச் சேரவில்லை. மூன்றாம் தரம் நான் சொல்லவில்லை.

நீ வரும்போது அப்பாவை முன் சீட்டில் இருத்து. நான் பின்னால் இருந்து நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

அம்மா